ஓட்டுக்கு வராதது

சாதாரண விஷயத்துக்காக எங்கள் வீட்டில் கடைசியாக ஓட்டுப் போட்டது மின்விசிறிக்கு.

கூடத்து விசிறி இரண்டில் ஓடிக்கொண்டிருந்தது. என் கணவருக்கு மூன்று வேண்டும். எனக்கு ஒன்று போதும். அச்சகத்திலிருந்து கொண்டுவந்த மெய்ப்புத் தாள்கள் மடியில் இருந்தன. காற்று ஒவ்வொரு தாளின் ஓரத்தையும் தூக்கித் தூக்கிப் பார்த்தது. பிழை திருத்துவது என் வேலை. ஒரு தாள் பறந்தால் ஒரு பக்கமே போய்விடும்.

"மூணுக்கு ஆதரவு?" என்று கேட்டுவிட்டு அவரே கையைத் தூக்கினார்.

"ஒண்ணுக்கு?"

நான் சிவப்புப் பேனாவோடு கையைத் தூக்கினேன்.

"சமம். பழையபடியே," என்றார், தீர்ப்பு வாசிப்பது போல. விசிறி இரண்டிலேயே ஓடியது.

எதிர் நாற்காலியில் இருந்த எதிர்க்கட்சி தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு விசிறிக்கு இவ்வளவு அமர்க்களமா? வீட்டுக்கு ஒரு ராஜா இருந்தா, எழுந்து போய் ஒரு திருகு திருகிட்டு வந்து உக்காந்திருப்பான்."

"நீ விருந்தாளி. பேசலாம், ஓட்டு கிடையாது."

"இருபது வருஷமா இந்த வீட்டுல சோறு திங்கிறேன். இன்னுமா விருந்தாளி?"

"குடியுரிமைக்கு மனு போடு. பரிசீலனை பண்றோம்."

எதிர்க்கட்சி என்பது என் கணவரின் நண்பருக்கு எங்கள் மகள் சின்ன வயதில் வைத்த பெயர். ஒரே கல்லூரியில் அவர் இயற்பியல் சொல்லிக்கொடுத்தார், என் கணவர் அரசியல் சொல்லிக்கொடுத்தார். ஓய்வு பெற்ற பிறகும் வாரத்தில் பாதி நாள் எங்கள் கூடத்தில்தான் இருப்பார். நான் அவரை அண்ணே என்பேன். அவருக்கு நான் தங்கச்சி. என் கணவருக்கு மகள் வைத்த பெயர் சபாநாயகர். எனக்கு மட்டும் அவள் பெயர் எதுவும் வைக்கவில்லை. "நீதான் மக்கள்," என்பாள்.

ஓட்டுப் போடும் வழக்கம் அவள் பள்ளிக்குப் போக ஆரம்பித்த காலத்தில் வந்தது. விடுமுறைக்கு எங்கே போவது, சுவருக்கு என்ன நிறம், விருந்துக்கு யாரைக் கூப்பிடுவது, எல்லாவற்றுக்கும் ஓட்டு. மூன்று பேர் இருந்தவரை சமம் என்ற பேச்சே வரவில்லை. அவள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகு இரண்டு பேர் ஆனோம். அடிக்கடி சமம் வந்தது. சமம் வந்தால் பழையபடியே என்று சட்டம் செய்துகொண்டோம். அதனால்தான் எங்கள் வீட்டில் பல வருடமாக எதுவும் மாறவில்லை என்று எதிர்க்கட்சி கேலி செய்வார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிளை நூலகத்தின் மாடியில் இருவருக்கும் ஒரு விவாத மேடை ஏற்பாடாகியிருந்தது. 'மக்களாட்சியே மனிதர் கண்ட கடைசி ஆட்சிமுறை' என்பது தலைப்பு. எங்கள் கூடத்தில் பேசித் தீராததை நூலகர் அம்மா கேள்விப்பட்டு, "அதை மேல வந்து பேசுங்களேன், நாற்காலி எல்லாம் சும்மாதானே கிடக்கு," என்று கூப்பிட்டிருந்தார். அதற்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. ஆனால் விவாதம் எங்கள் வீட்டில் ஏற்கெனவே தொடங்கிவிட்டது.

"ராஜா ஆட்சி கீழ்த்தளம்," என்றார் என் கணவர். "ராணுவம், ஒரே கட்சி, அதெல்லாம் நடுவுல இருக்கற தளம். இது மொட்டை மாடி. இதுக்கு மேல வானம்தான்."

"மொட்டை மாடின்னு நினைச்ச இடத்துலதான்டா எல்லாரும் அடுத்த மாடி கட்டறாங்க."

"கட்டட்டும். மத்த ஆட்சியில தப்பு நடந்தா ராஜா தலையை வெட்டணும். இதுல தப்பு நடந்தா அடுத்த தடவை திருத்திக்கலாம். உன் தங்கச்சியைக் கேளு. ஒரு பதிப்புல பிழை வந்தா அடுத்த பதிப்புல சரி பண்ணுவாளா மாட்டாளா? தன் பிழையைத் தானே திருத்திக்கற ஆட்சி இது ஒண்ணுதான்."

"வீடு பத்திக்கிட்டு எரியும்போது பொதுக்குழு கூட்ட முடியாதுடா."

"சரி, ஞாயித்துக்கிழமை கடைசியில சபையைக் கை தூக்கச் சொல்லுவாங்க இல்ல? நீ ஜெயிச்சாக்கூட கையை எண்ணித்தானே ஜெயிப்பே? அப்ப ஜெயிச்சது நான்."

"இதுக்குப் பேருதான் அழுகுணி ஆட்டம்."

சிரித்துக்கொண்டிருந்த என் கணவர் நடுவில் நிறுத்தினார். நெஞ்சின் இடப்பக்கம் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். சட்டையில் ஏதோ ஒட்டிக்கொண்டதைத் துடைப்பது போலத்தான் இருந்தது.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. லேசா பிடிச்ச மாதிரி. வாயுவா இருக்கும்."

முகம் வேர்த்திருந்தது. மூன்றில் விசிறி வேண்டும் என்று அவர் கேட்டது இதனால்தானோ என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. இப்போது தோன்றாத நாளில்லை.

அந்த நேரம் பார்த்து மகளின் அழைப்பு வந்தது. வழக்கமாகக் கூப்பிடும் நேரம்தான். போனை எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்துவிட்டுச் சொன்னேன். அவள் உடனே, "ஆஸ்பத்திரிக்குப் போங்க. இப்பவே. சபாநாயகரே, தீர்மானம் கொண்டு வரேன்," என்றாள்.

"ஆதரவு?" என்றேன். என் கையைத் தூக்கினேன்.

"நானும் தூக்கியிருக்கேன். தெரியலன்னாலும் நம்புங்க," என்றாள்.

எதிர்க்கட்சி சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவர் கார் வாசலில்தான் நின்றது. "மூணுல ரெண்டு. கிளம்புடா."

என் கணவர் ஒரு விரலைத் தூக்கினார். "ஒழுங்குப் பிரச்சினை. இது என் உடம்பு. ஓட்டுக்கே வராது."

இதைச் சொல்ல வேண்டும் என்றால் மகளின் முடியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவளுக்குப் பத்து வயது இருக்கும். பள்ளியிலிருந்து தலை நிறையப் பேன் கொண்டுவந்தாள். ஒட்ட வெட்டிவிடலாம் என்று ஓட்டுக்கு விட்டோம். நாங்கள் இரண்டு பேர், அவள் ஒருத்தி. தீர்மானம் நிறைவேறியது. நான் கத்தரிக்கோல் எடுத்து வந்தேன். அவள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயிருந்து கத்தினாள்: "என் தலை! அதுக்கு உங்க ஓட்டு எதுக்கு?"

என் கணவர் கதவுக்கு வெளியே நின்றார். வகுப்பில் ஒரு மாணவன் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல் நிற்பவரைப் போல இருந்தார். பிறகு என் கையிலிருந்த கத்தரிக்கோலை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டார். தரையில் உட்கார்ந்து, கதவைப் பார்த்துக்கொண்டு, "சரிம்மா. புதுச் சட்டம். அவரவர் உடம்பு ஓட்டுக்கு வராது," என்றார். பேனை எடுக்க இரண்டு வாரம் ஆனது. மூன்று பேருக்கும் பேன் வந்தது. அதன் பிறகு எத்தனையோ வருடம் மாணவர்களுக்கு அந்தக் கதையைச் சொல்வார். "தலையை எண்ணினா அது மக்களாட்சி. எண்ணின தலை அவங்கவங்களுக்கே சொந்தம்னு ஒத்துக்கிட்டாத்தான் அது தாராளவாத மக்களாட்சி. எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது ஒரு பத்து வயசுப் பொண்ணு."

அந்தச் சட்டத்தைத்தான் இப்போது விரல் நீட்டிக் காட்டினார்.

"அப்பா, அது வேற," என்றாள் போனில்.

"என்ன வேற? நீ கொண்டு வந்த சட்டம்தானே? ஆஸ்பத்திரிக்குப் போனா ரெண்டு நாள் படுக்க வெச்சிடுவாங்க. ஞாயித்துக்கிழமை இவன் தனியா மேடையில நின்னு பேசி ஜெயிச்சிடுவான். திங்கக்கிழமை போறேன். சத்தியமா."

எதிர்க்கட்சி நின்றபடியே இருந்தார். சாவி கையில் ஆடியது. "டேய், விளையாடாத."

"விருந்தாளிக்கு ஓட்டு இல்லன்னு இப்பத்தானே சொன்னேன்?"

எல்லோரும் சிரித்தோம். போனில் அவளும் சிரித்தாள். நான் என்ன நினைத்தேன் என்பது எனக்குத் துல்லியமாக நினைவிருக்கிறது. ஒரு வெளியாள் முன்னால் எங்கள் வீட்டுச் சட்டம் வளையாமல் நின்றதில் எனக்குச் சின்னதாக ஒரு பெருமை வந்தது. வேறு எந்த வீட்டில் இப்படி இருக்கும் என்று நினைத்தேன். அந்தப் பெருமையோடு போய் அவருக்குச் சுடுதண்ணீர் வைத்தேன்.

வலி விட்டுவிட்டது என்றார். சாப்பிட்டார். தூங்கினார். காலையில் காபியோடு போய்க் கூப்பிட்டேன். காபி ஆறியது.

மருத்துவர் சின்னப் பையன், எங்கள் மகளைவிட இளையவன். "நேத்து சாயங்காலமே கூட்டிட்டு வந்திருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். அவன் நிறுத்தியதைத்தான் நான் இன்றுவரை முடித்துக்கொண்டிருக்கிறேன்.

வந்தவர்கள் எல்லோரும் எப்படி நடந்தது என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் நடந்ததை அப்படியே சொன்னேன். "சொன்னா கேக்கற மனுஷனா அவரு," என்று சிலர் ஆறுதல் சொன்னார்கள். மாடி வீட்டு அம்மாள் மட்டும் என் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, "ஆபத்துக்குப் பாவமில்லைன்னு சொல்லுவாங்க. கையைப் பிடிச்சு ஒரு இழு இழுத்திருக்கலாமேம்மா. பக்கத்துல கார் வேற நின்னுதே," என்றாள்.

கையைத் தூக்கியிருந்தேன். தூக்கிய கையை அவர் மேல் வைக்கவில்லை. ஓட்டுப் போட்டதோடு என் பொறுப்பு முடிந்தது என்று உட்கார்ந்துவிட்டேன்.

மகள் வந்தவள் திரும்பிப் போகவில்லை. முதல் வாரம் அழுதாள். இரண்டாம் வாரம் ஆணையிட ஆரம்பித்தாள். "அம்மா, சாப்பிடு." "அம்மா, அந்தத் தாளையெல்லாம் எடுத்து வை." ஒருநாள் காலையில், "செருப்பைப் போடு. உனக்கு இதயப் பரிசோதனை. நேரம் வாங்கிட்டேன்," என்றாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லடி. ஓட்டுக்கு..."

"இனிமே இந்த வீட்டுல ஓட்டெல்லாம் இல்ல."

என் மணிக்கட்டைப் பிடித்து எழுப்பினாள். பிடித்த பிடியை ஆட்டோவில் ஏறும்வரை விடவில்லை. பரிசோதனை அறையில் என் நெஞ்சில் சில்லென்று எதையோ தடவி, கம்பிகளை ஒட்டவைத்தார்கள். என் இதயத்தில் குறை ஒன்றும் இல்லை என்று வந்தது. வெளியே வந்தபோது மணிக்கட்டில் அவளுடைய விரல்கள் பதிந்த இடம் சிவந்திருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது. இவ்வளவு பலம் ஒரு சாயங்காலத்துக்கு என் கைக்கு வந்திருந்தால் போதுமே என்று இருந்தது. அதோடு இன்னொன்றும் இருந்தது. கம்பிகளை மாட்டும்போது யாரும் என்னைக் கேட்கவில்லை. நான் ஒரு பொருளைப் போல அங்கே கிடந்தேன். அதை அவளிடம் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று வாயை மூடிக்கொண்டேன்.

வரும் வழியில் அவள் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அந்தச் சட்டத்தைக் கொண்டு வந்தது நான்தானேம்மா. பேசாம முடியை வெட்ட விட்டிருக்கலாம்."

பத்து வயதில் ஒரு குழந்தை தன் முடிக்காக அழுததை அவள் இப்போது ஒரு கொலையாகச் சுமந்துகொண்டிருந்தாள். "அப்படியெல்லாம் இல்லடி," என்றேன். எனக்கே ஒட்டாத சொல் அவளுக்கு எப்படி ஒட்டும்?

சில மாதம் கழித்து எதிர்க்கட்சி வந்தார். அவரும் வருவதைக் குறைத்திருந்தார். வந்தால் வழக்கமான நாற்காலியில் உட்காராமல் வாசல் பக்கத்து முக்காலியில் உட்காருவார், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகிறவர் போல.

"நூலகர் அம்மா கேக்கறாங்க," என்றார். "அந்த விவாதத்தை அவன் நினைவா நடத்தலாமான்னு. எனக்குப் பேச மனசில்ல தங்கச்சி. எதுத்துப் பேச ஆள் இல்லாம என்ன பேசறது? அவன் சொன்னதுதான் சரின்னு சொல்லிட்டு வந்துடலாம்னு பாக்கறேன்."

"அவர் என்ன பேசறதா இருந்தார்னு உங்களுக்குத் தெரியுமா அண்ணே?"

"அவன் எதையாவது எழுதி வெச்சிருப்பானா? எல்லாம் மண்டையில. கூடவே போயிடுச்சு."

நான் மெய்ப்புத் தாள்களைக் கீழே வைத்தேன். "நான் பேசறேன்."

அவர் முகம் மலர்ந்தது. "அவன் பக்கமா?"

"இல்ல. உங்க பக்கம். இது கடைசி ஆட்சி இல்லைன்னு."

சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மகள் குழாயை மூடினாள்.

"அப்ப நான்?" என்றார்.

"நீங்க அவர் பக்கம். இருபது வருஷமா கேட்டிருக்கீங்களே. வேற யாருக்குத் தெரியும்?"

முக்காலியிலிருந்து எழுந்து வாசல்வரை போய்த் திரும்பினார். பிறகு, "இது தண்டனையா தங்கச்சி?" என்றார்.

"யாருக்குன்னு தெரியல," என்றேன்.

நூலக மாடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்திருந்தன. பழைய மாணவர்கள் நிறைய வந்திருந்தார்கள். நூலகர் அம்மா மேசையில் ஒரு மணியை வைத்திருந்தார், நேரம் தாண்டினால் அடிப்பதற்கு. மகள் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். நான் மேடையில் பேசிப் பழகியவள் இல்லை. அடுத்தவர் எழுதியதில் கோடு போடுகிறவள்.

"என் வேலை பிழை திருத்தறது," என்று ஆரம்பித்தேன். "இன்னைக்கு இல்லாதவர் என்ன சொல்லுவார்னா, தன் பிழையைத் தானே திருத்திக்கற ஆட்சி இது ஒண்ணுதான், அதனால இதுதான் கடைசின்னு. நானும் அதை நம்பினேன். எங்க வீட்டையே அப்படித்தான் நடத்தினோம். ஒரு சாயங்காலம் எங்க வீட்டுல எல்லாம் முறைப்படி நடந்தது. தீர்மானம் வந்தது, ஓட்டு நடந்தது, ஒருத்தரோட உரிமை காப்பாத்தப்பட்டது. ஒரு விதியும் மீறப்படல. மறுநாள் காலையில அவர் இல்ல. அந்தப் பிழைக்கு அடுத்த பதிப்பு கிடையாது."

அழுதால் அனுதாப ஓட்டு விழும், அது அவருக்குப் பிடிக்காது என்று நினைத்து அழுகையை அடக்கிக்கொண்டேன்.

"ராஜா வேணும்னு நான் சொல்லல. ராஜாவைப் பத்திப் படிச்சிருக்கேன். ஆனா எல்லாரும் சரியா நடந்தும் ஒரு உயிர் போகும்னா, இது கடைசி இல்ல. நாம இன்னும் எதையோ கண்டுபிடிக்கல. மனுஷன் வேண்டாம்னு சொல்லும்போது அதை மதிக்கவும் தெரியணும், எப்ப மதிக்கக் கூடாதுன்னும் தெரியணும். அது எந்த ஆட்சின்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சிருந்தா அவர் இங்க உக்காந்து என்னை எதுத்துப் பேசிட்டிருப்பார்."

அவ்வளவுதான் பேசினேன். மணி அடிக்க வேண்டியிருக்கவில்லை.

எதிர்க்கட்சி எழுந்தார். முதலில் என் கணவரைப் போலவே மொட்டை மாடி, கீழ்த்தளம் என்று ஆரம்பித்தார். ஒட்டவில்லை. அந்த நகைச்சுவை அவர் வாயில் கடன் வாங்கிய சட்டை போலத் தொங்கியது. நடுவில் நிறுத்திவிட்டார். கண்ணாடியைக் கழற்றினார்.

"தங்கச்சி சொன்ன அந்தச் சாயங்காலம் நானும் அங்க இருந்தேன். வண்டி சாவி என் கையில இருந்தது. அவனைவிட நான் பலசாலி. வீட்டுக்கு ஒரு ராஜா வேணும்னு இருபது வருஷமா கத்தினவன் நான். அன்னைக்கு ஒரு நிமிஷம் ராஜாவா இருன்னு வாய்ப்பு வந்தது. எழுந்தேன். அவன் என்னைப் பார்த்தான். 'உனக்கு ஓட்டு இல்ல'ன்னான். உக்காந்துட்டேன்."

யாரோ இருமினார்கள்.

"ஏன் உக்காந்தேன்னு இத்தனை நாளா யோசிக்கிறேன். கோழைத்தனம்தான். ஆனா அது மட்டும் இல்ல. அவனைத் தூக்கிட்டுப் போயிருந்தா அவன் பிழைச்சிருப்பான். சரி. அடுத்த தடவை நான் தூக்கறதுக்கு யார்கிட்ட கேக்கணும்? அதுக்கு அடுத்த தடவை? இழுத்துட்டுப் போற கை எல்லாமே அன்பாத்தான் இழுக்கறேன்னு சொல்லும். எது நிஜமா அன்பு, எது இல்லைன்னு கண்டுபிடிக்க ஒரு வழியும் இல்லாமத்தான், மனுஷன் கடைசியில இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தான். அவன் தப்பா முடிவு பண்ணினான். ஆனா முடிவு பண்ணினது அவன். இதைவிட நல்ல வாதம் அவன்கிட்ட இருந்திருக்கும். என்கிட்ட இவ்வளவுதான் இருக்கு."

உட்கார்ந்தார். என் பக்கம் பார்க்கவில்லை.

நூலகர் அம்மா கை தூக்கச் சொன்னார். இது கடைசி ஆட்சி இல்லை என்பதற்கு ஆதரவாக எழுந்த கைகளை எண்ணவே தேவையிருக்கவில்லை. ஆனாலும் அவர் வரிசை வரிசையாக எண்ணினார். நான் ஜெயித்திருந்தேன். எதிர்ப்பக்கத்துக்கு எழுந்த சில கைகளில் கடைசி வரிசையில் ஒன்று என் மகளுடையது. நேராக, முழங்கை மடங்காமல், சின்ன வயதில் தூக்குவாளே, அப்படித் தூக்கியிருந்தாள்.

கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கையை எண்ணித்தானே ஜெயிப்பே, அப்ப ஜெயிச்சது நான் என்று அவர் சொன்னது. அழுகுணி ஆட்டம்தான். செத்த பிறகும் விடவில்லை. மேடையிலேயே எனக்குச் சிரிப்பு வந்தது. நூலகர் அம்மா நான் அழுகிறேன் என்று நினைத்துத் தண்ணீர் நீட்டினார். வாங்கிக் குடித்தேன். அதுவும் பொய்யில்லை.

படி இறங்கும்போது எதிர்க்கட்சி பின்னால் வந்தார். "நல்லா பேசினே தங்கச்சி."

"நீங்களும்தான் அண்ணே."

"எனக்கு மன்னிப்பு உண்டா?"

"எனக்கே இல்லாததை உங்களுக்கு எங்க இருந்து குடுக்கறது?" என்றேன். சொன்ன பிறகு கடுமையாகப் பட்டது. "வெள்ளிக்கிழமை வாங்க. அந்த நாற்காலியில உக்காருங்க. முக்காலி ஆடுது," என்றேன். தலையை ஆட்டினார்.

நானும் மகளும் நடந்தே வந்தோம். மழை பெய்து விட்டிருந்தது. தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன.

"என்மேல கோவமா?" என்றாள்.

"எதுக்கு? உன் கை, உன் ஓட்டு."

"அன்னைக்கு உன்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனேன் இல்ல. உன் கை சிவந்திருந்தது. நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்துட்டேன். அப்பாவை யாரும் இழுக்கல, அதனால உன்னை இழுத்தேன். அப்பா இருந்திருந்தா என்னைக் குளியலறைக்குள்ள போட்டுப் பூட்டியிருப்பார்."

"அப்பா பூட்ட மாட்டார். வெளியே தரையில உக்காந்துப்பார்."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது. கொஞ்சதூரம் போன பிறகு நின்றாள். "அம்மா, கேக்கறேன். என்கூட வந்து இருக்கியா, இல்ல இங்கேயே இருக்கியா? கேக்கத்தான் செய்றேன். ஆணை இல்ல."

கேட்க அவளுக்கு எவ்வளவு பயமாக இருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. நான் மறுத்து, தனியாக இருந்து, ஒருநாள் காலையில் என் காபி ஆறிப்போகலாம். அது தெரிந்துதான் கேட்டாள். அன்று என் கணவர் விரலைத் தூக்கியபோது எனக்கு இந்தப் பயம் வரவே இல்லை. பெருமை மட்டும்தான் வந்தது. அவளுக்கும் எனக்கும் வித்தியாசம் அவ்வளவுதான். அந்த வித்தியாசத்தை என்னால் எந்தப் பதிப்பிலும் திருத்த முடியாது.

"இங்கேயே இருக்கேன்," என்றேன். "ஆனா நெஞ்சு வலிச்சா அன்னைக்கே உனக்குச் சொல்றேன். நீ இழு. அதுக்கு இப்பவே சம்மதம் குடுத்துடறேன்."

"எழுதிக் குடுப்பியா?"

"சபாநாயகர் பொண்ணு," என்றேன்.

அடுத்த வாரம் அவள் ஊருக்குப் போனாள். எதிர்க்கட்சி வெள்ளிக்கிழமைகளில் வருகிறார். நாற்காலியில் உட்காருகிறார். நாங்கள் அதிகம் பேசுவதில்லை. மாடி வீட்டு அம்மாள் சொன்னது தினமும் ஒரு முறையாவது காதில் விழுகிறது. அவள் தவறாகச் சொல்லவில்லை. என் உடம்பு என்று விரல் தூக்கிய அவரும் தவறாகச் சொல்லவில்லை. இரண்டையும் ஒரே வீட்டில் வைத்துக்கொண்டு குடியிருக்கிறேன்.

கூடத்தில் உட்கார்ந்துதான் இப்போதும் மெய்ப்புப் பார்க்கிறேன். தாள்களின் ஓரம் தூக்கிக்கொள்கிறது. நேற்று ஒரு பக்கம் பறந்து சோபாவுக்கு அடியில் போய்விட்டது, குனிந்து எடுக்க வேண்டியிருந்தது. எழுந்து போய் ஒன்றில் வைத்தால் ஏன் என்று கேட்க ஆளில்லை. விசிறி இரண்டில்தான் ஓடுகிறது.